பீட்டில்ஸுக்கு முன்னால் பெட் சவுண்ட்ஸ்

ஆசிரியர் அவர்களுக்கு,

அறுபதுகளின் ராக் இசை பற்றிய கட்டுரையில் பீட்டில்ஸுக்கு அரைப்பக்கம் ஒதுக்கியிருந்தீர்கள். அமெரிக்க இசைக்குழுவான பீச் பாய்ஸின் ‘பெட் சவுண்ட்ஸ்’ (1966) ஆல்பம் பற்றி ஒரு வரிகூட இல்லை. பீட்டில்ஸின் ‘சார்ஜென்ட் பெப்பர்’ ஆல்பம் பிறக்க அதுதான் தூண்டுதல் என்று அக்குழுவின் பால் மெக்கார்ட்னியே சொல்லியிருக்கிறார்.

‘பெட் சவுண்ட்ஸ்’ உருவானபோது, அதை இயக்கிய பீச் பாய்ஸின் பிரையன் வில்சனுக்கு வயது 23. சகாக்கள் கச்சேரிப் பயணத்தில் இருக்க, இவர் லாஸ் ஏஞ்சலீஸில் தேர்ந்த ஸ்டுடியோ கலைஞர்களை வைத்துப் பதிவுசெய்துகொண்டிருந்தார். சைக்கிள் மணி, தொடாமலே வாசிக்கப்படும் தெரமின் போல ஒலிக்கும் மின்கருவி, கடைசியில் ரயில் ஓசையோடு தன் வீட்டு நாய்களின் குரைப்பு எல்லாம் உள்ளே வந்தன. வலது காது அநேகமாகக் கேட்காத மனிதர், எல்லா ஒலியும் ஒரே தடத்தில் வரும் மோனோவிலேயே கலவை செய்தார்!

அமெரிக்க ஆல்பம் விற்பனைப் பட்டியலில் அது 10-ஆம் இடத்தோடு நின்றது. பிரிட்டன்தான் 2-ஆம் இடம்வரை கொண்டாடியது. ஸ்டுடியோவையே ஒரு வாத்தியமாகப் பயன்படுத்தலாம் என்ற துணிச்சல் பிற்பாடு வந்த பலருக்கு இங்கிருந்துதான் கிடைத்தது. 2025-இல் வில்சன் மறைந்த பிறகும் அவரை வெறும் கடற்கரைப் பாட்டுக்காரராகவே நினைப்பவர்கள் இருக்கிறார்கள். அடுத்த வாரமாவது இந்த ஆல்பத்தைப் பற்றி எழுதுங்கள். வாசகர்களுக்கு மோனோ பதிப்பையே சிபாரிசு செய்யவும்.

- ஒரு வாசகர்