அமெரிக்க மாப்பிள்ளைக் கதைகளைத் தேர்வு செய்யும் ஆசிரியர்களுக்கு

இதழாசிரியர்களுக்கும் சிறுகதைப் போட்டி நடுவர்களுக்கும் வணக்கம்.

அமெரிக்க மாப்பிள்ளைக்குக் கழுத்தை நீட்டிய பெண்ணின் கதை என்றால் பனி, ஊறுகாய், ஜன்னலோரக் கண்ணீர் மூன்றும் தவறாமல் வந்துவிடுகின்றன. விசா மட்டும் வருவதில்லை. வந்தாலும் தப்பாக வருகிறது.

கணவன் எச்-1பி, அதாவது அமெரிக்க நிறுவனத்தில் வேலை பார்க்கும் தற்காலிக விசா என்றால், அவள் எச்-4, அவனைச் சார்ந்து வரும் மனைவியின் விசா. படிக்கலாம், கார் ஓட்டலாம். சம்பளத்துக்கு வேலை பார்க்கக் கூடாது. எச்-4 மனைவிகளுக்கு வேலை அனுமதி அட்டை கொடுக்க ஆரம்பித்ததே 2015 மே 26-லிருந்துதான். அதற்கும் கணவனின் ஐ-140 மனு (வேலை வழியாக நிரந்தரமாகத் தங்க உரிமை தரும் கிரீன் கார்டுக்கான மனு) ஏற்கப்பட்டிருக்க வேண்டும், அல்லது எச்-1பி-யின் ஆறாண்டு வரம்பைத் தாண்டி அவன் நீட்டிப்பில் இருக்க வேண்டும். 2008-இல் நடக்கும் கதையில், எச்-4-இல் வந்திறங்கிய மறுமாதமே அவள் ஆபீசுக்குக் கிளம்பினால் கதையைத் திருப்பி அனுப்புங்கள்.

"உன்னை நாடு கடத்திருவேன்" என்று கணவன் மிரட்டுவது நிஜத்திலும் நடப்பதுதான். ஆனால் அந்த அதிகாரம் அவனுக்குக் கிடையாது. அவனுக்கு வேலை போனால் இருவரும் அங்கே தங்க அதிகபட்சம் 60 நாள் அவகாசம். ஒரு குறுநாவலுக்கே அது போதுமே!

மாப்பிள்ளை அமெரிக்கக் குடிமகன் என்றால் கணக்கே வேறு. அவளுக்கு கிரீன் கார்டு கிடைக்கும் நாளில் கல்யாணமாகி இரண்டு வருடம் ஆகியிருக்காவிட்டால், அட்டை இரண்டு வருடத்துக்கு மட்டுமே. அது முடிவதற்கு முந்தைய 90 நாளுக்குள் அந்த இரண்டு வருட நிபந்தனையை நீக்கக் கேட்டு இருவரும் சேர்ந்து ஐ-751 படிவம் போட வேண்டும். அவன் கையெழுத்துப் போட மறுப்பதோடு பல கதைகள் முடிந்துவிடுகின்றன. அங்கே முடியக் கூடாது. விவாகரத்தாகிவிட்டாலோ, அடி உதை என்றாலோ, அவன் கையெழுத்து இல்லாமல் அவளே விண்ணப்பிக்கலாம். அந்த 90 நாளுக்காகக் காத்திருக்கவும் வேண்டாம். ஆனால் கல்யாணம் மெய்யானது என்று காட்ட வேண்டும்: கூட்டு வங்கிக் கணக்கு, இருவர் பெயரிலும் வாடகை ஒப்பந்தம். கைநீட்டாவிட்டாலும், எந்தக் காகிதத்திலும் அவள் பெயரைச் சேர்க்காத கணவனே கதையில் பெரிய வில்லன்.

பெயர் என்றதும் இன்னொன்று. பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர் இல்லாமல் 'மீனாட்சி' என்று மட்டும் இருந்தால், அமெரிக்க விசாவில் அது குடும்பப்பெயர் கட்டத்துக்குப் போய்விடும். முதற்பெயர் கட்டத்தில் எஃப்.என்.யு. என்று அச்சாகும், முதற்பெயர் தெரியவில்லை என்று பொருள். இனிஷியலை விரித்து எழுதியிருந்தாலோ, கல்யாணமான பிறகும் கவுன்டரில் அப்பா பெயரைச் சொல்லித்தான் அவளைக் கூப்பிடுவார்கள். தாலிக்கும் மெட்டிக்கும் இரண்டு பக்கம் ஒதுக்கும் கதைகளில் இதற்கு ஒரு வரி இல்லை.

அடுத்த கதை வந்ததும் கதை நடக்கும் வருடம், அவன் விசா, அவள் விசா மூன்றையும் முதல் பக்க ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டு படியுங்கள்.

இப்படிக்கு,
குடிவரவுப் படிவங்களோடு புழங்கும் வாசகர்கள்