மாம்பழக் கலர் சேலை

ஈரோடு,
ஐப்பசி 22

அன்புள்ள நண்பா,

நலம். அங்கே எல்லாரும் சுகம்தானே? அம்மாவுக்கு முட்டி வலி பரவாயில்லையா? நீ அனுப்பிய 5,000 ரூபாய் தீபாவளிக்கு நல்ல முன்னாடியே வந்துவிட்டது. அது எங்கே போய்ச் சேர்ந்தது என்று உனக்குச் சொல்ல வேண்டும்.

போன வருஷம் தீபாவளிக்கு எங்கள் தெருக்காரர்கள் சேர்ந்து, வயதை மட்டும் கேட்டுக்கொண்டு, பிள்ளைகள் இல்லத்துக்கு மொத்தமாக ரெடிமேட் துணி வாங்கிப் போனோம். பாதிப் பேருக்கு அளவு சேரவில்லை. ஒரு சின்னப் பெண் தோளில் ஊக்கு குத்திக்கொண்டு, அந்தத் தொளதொள கவுனோடு எங்கள் முன்னால் வந்து நின்றாள். எங்கள் மனசு நோகக் கூடாது என்று போட்டு வந்திருக்கிறாள். வருஷம் முழுக்க அது எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. அதனால் இந்தத் தடவை, முதலில் போய்க் கேட்போம், அப்புறம் வாங்குவோம் என்று தெருக்காரர்களிடம் சொல்லிவிட்டேன்.

புரட்டாசிக் கடைசியில் ஒரு நோட்டும் இஞ்ச் டேப்புமாகப் போனோம். பிள்ளைகள் ஆளாளுக்குக் கலர் சொன்னார்கள். எட்டாவது படிக்கிற ஒரு பையன் மட்டும் எல்லாரும் போகட்டும் என்று காத்திருந்து, "துணி எதுவானாலும் சரி சார். பெட்டிக்கு ஒரு பூட்டு கிடைக்குமா?" என்றான். அங்கே ஆளுக்கொரு தகரப் பெட்டிதான் சொத்து. சின்னப் பித்தளைப் பூட்டு ஒன்று வாங்கிக் கொடுத்தோம். மூன்று தடவை பூட்டித் திறந்து பார்த்தான். சாவியை அரைஞாண் கயிற்றில் கோத்து, மேலே சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டான். உள்ளே என்ன வைத்திருக்கிறான் என்று நான் கேட்கவில்லை. மற்ற பிள்ளைகளுக்கும் அந்த வாரமே பூட்டு வாங்கிவிட்டோம்.

முதியோர் இல்லத்தில் ஒரு பாட்டி, "வர்றவங்க எல்லாம் வெள்ளைச் சேலையே தர்றாங்க கண்ணு. எனக்கு மாம்பழக் கலர்ல ஒண்ணு வேணும்" என்றார். பொங்கலுக்கு ரேஷன் கடையில் தருகிற இலவச வேட்டி சேலை, எம்.ஜி.ஆர். 1983-இல் தொடங்கியது, அதுகூடப் பாட்டி கைக்கு வருவதில்லை. பெயர் மகன் வீட்டுக் கார்டில் இருக்கிறது, சேலையும் அங்கேயே போய்விடுகிறது. அதைச் சொல்லும்போது பாட்டி மகனைக் குறையாக ஒரு வார்த்தை பேசவில்லை.

கனி ஜவுளி மார்க்கெட்டில் திங்கள் ராத்திரிச் சந்தைக்குப் போய்த் தேடிப் பிடித்தோம், மெல்லிய சிவப்புக் கரையோடு. ரவிக்கை தைக்காமல் சேலை மட்டும் கொடுத்தால் அது பெட்டியிலேயே கிடக்கும். பாட்டிக்குக் கொக்கி மாட்ட விரல் மடங்கவில்லை. நம்ம தெரு டெய்லரம்மா பெரிய பட்டன் வைத்துத் தைத்துக் கொடுத்தார், கூலி வாங்கவில்லை. ஐப்பசி மழைக்குக் குளிரும் என்று எல்லாருக்கும் சென்னிமலைப் போர்வை. உன் பணம் முழுக்கப் போர்வைக்குத்தான் போனது.

ஒரு விஷயம், நீயும் உங்கள் குடியிருப்பில் பொங்கலுக்கு இப்படிச் செய்யப் போவதாக எழுதியிருந்தாயே, அதனால் சொல்கிறேன். பண்டிகை அன்று சாப்பாடு கொடுக்காதே. தீபாவளிக் காலையில் மட்டும் அந்த முதியோர் இல்லத்துக்கு மூன்று இடத்திலிருந்து இட்லி, பொங்கல், வடை வந்தது. மதியத்துக்குள் புளித்துப் போய்க் கொட்டினார்கள். அடுத்த வாரம் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. நாங்கள் சாப்பாட்டுக்குக் கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சொல்லி வைத்திருக்கிறோம்.

போட்டோ கேட்டிருந்தாய். எடுக்கவில்லை. இல்லத்துப் பிள்ளைகளின் படத்தை வெளியிடக் கூடாது என்று 2015 இளைஞர் நீதிச் சட்டமே சொல்கிறது. சட்டத்தை விடு, நாளைக்குப் பள்ளிக்கூடத்தில் எவனாவது போனில் அந்தப் படத்தைக் காட்டினால் அந்தப் பிள்ளை எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்ளும்?

நீ பொங்கலுக்கு வரும்போது கைத்தடிக்கு அடியில் மாட்டுகிற ரப்பர் நாலு வாங்கி வா, நல்ல தரமாக. ஒரு தாத்தா கேட்டது அது ஒன்றுதான். இங்கே வாங்கிக் கொடுத்தது ஒரே மாதத்தில் தேய்ந்து, பாத்ரூம் தரையில் வழுக்குகிறதாம்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்