நிலவுப் படத்தைத் தலைகீழாக அச்சிடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு உங்கள் அறிவியல் பக்கத்தில் நிலவின் தென்முனைப் பகுதிப் படம் ஒன்று வந்திருந்தது. சந்திரயான்-2 எடுத்த படம். பார்த்தால் கொப்புளம் கொப்புளமாக மேடிட்டுத் தெரிகிறது. அவை மேடுகள் அல்ல, பள்ளங்கள். பத்திக்குள் அடங்கட்டும் என்று யாரோ படத்தைத் தலைகீழாகத் திருப்பிவிட்டார்கள். வெளிச்சம் மேலிருந்து விழும் என்று பழகிய கண்ணுக்கு, நிழல் மேல்விளிம்பில் இருந்தால் குழி. கீழ்விளிம்பில் இருந்தால் மேடு. அன்றைய தாளைத் தலைகீழாகப் பிடித்துப் பாருங்கள், கொப்புளம் அத்தனையும் உள்ளே அமுங்கிவிடும்.

அச்சுப்பிழை என்று இதை விட்டுவிடலாம்தான். ஆனால் அந்த நிழலில்தான் கணக்கே இருக்கிறது. சந்திரயான்-2 சுற்றுக்கலத்தின் ஓ.எச்.ஆர்.சி. கேமராவுக்கு ஒரு பிக்சல் என்பது நிலவுத் தரையில் ஏறக்குறைய 25 செ.மீ. ஒரு பாறாங்கல்லின் நிழல் 12 பிக்சல் நீண்டிருந்தால் தரையில் 3 மீட்டர். படம் எடுத்த நேரத்தில் சூரியன் அடிவானத்துக்கு மேல் 10 டிகிரியில் இருந்தது என்றால், 3-ஐ டேன் 10 டிகிரியால், அதாவது 0.176-ஆல் பெருக்க, கல்லின் உயரம் 53 செ.மீ. பத்தாம் வகுப்பு முக்கோணவியல். அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம். தரவோடு வரும் குறிப்பில் சூரியக் கோணத்தைச் செங்குத்திலிருந்து அளந்து கொடுத்திருந்தால் அதை 90-இலிருந்து கழித்துக்கொள்ள வேண்டும். இதைக் கவனிக்காமல் அரை மீட்டர் கல்லைப் பதினேழு மீட்டராக்கிவிடுகிறவர்கள் உண்டு.

அதைவிடப் பெரிய பிசகு, தரை சமம் என்று நினைத்துக்கொள்வது. நிழல் விழும் திசையில் தரை 5 டிகிரி இறங்கிப் போனால் நிழல் இழுபடும். அப்போது அதே 3 மீட்டர் நிழலைப் போட்ட கல் 27 செ.மீ.தான் இருக்கும், கிட்டத்தட்ட நேர்பாதி. அதனால் அதே கலத்தின் டி.எம்.சி.-2 கேமரா தரும் உயர வரைபடத்தில் அந்த இடத்துச் சரிவைப் பார்த்துவிட்டுத்தான் கல்லைத் தொட வேண்டும். நிழலின் இரு முனையிலும் ஒவ்வொரு பிக்சல் முன்னே பின்னே போகும் என்பதால், ஐந்து பிக்சலுக்குக் குறைந்த நிழலை அளந்து பயனில்லை. அடுத்து இறங்கப்போகும் கலத்தின் கால் எந்தக் கல்லில் இடறும் என்பதைத் தீர்மானிக்கும் வேலை இதே வகைதான். மதுரையில் ஒரு கல்லூரி மாணவி தன் மடிக்கணினியில் செய்யக்கூடிய வேலை.

நாங்கள் எழுத வந்தது இதைத்தான். நிலவுச் செய்திகள் கலம் இறங்கிய அன்று முதல் பக்கத்தில் வருகின்றன, ஒரு வாரத்தில் நின்றுவிடுகின்றன. கலம் அனுப்பிய தரவோ அதற்குப் பிறகுதான் பொதுவுக்குத் திறக்கப்படுகிறது. பெங்களூரு அருகே பயலாலுவில் உள்ள இந்திய விண்வெளி அறிவியல் தரவு மையம் 'பிரதான்' என்ற இணையவாசலில் அதை வைத்திருக்கிறது. பெயரும் மின்னஞ்சலும் கொடுத்துப் பதிந்துகொண்டால் இறக்கிக்கொள்ளலாம், கட்டணம் இல்லை. இப்படியொரு வாசல் இருப்பதே நம் ஊர்க் கல்லூரிகளில் பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்களும் இறக்கிய கோப்பு திறக்கவில்லை என்று கைவிட்டுவிடுகிறார்கள்.

திறக்காததற்குக் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். ஒவ்வொரு தரவும் இரண்டு கோப்பாக வரும்: ஒன்று எண்கள் நிரம்பிய பெரிய கோப்பு, மற்றது எக்ஸ்.எம்.எல். வடிவில் இருக்கும் சிறு லேபிள். எத்தனை வரி, எத்தனை பத்தி, ஒவ்வோர் எண்ணுக்கும் எத்தனை பைட், சூரியன் எங்கே இருந்தது என்பதெல்லாம் அந்தச் சிறிய கோப்பில் இருக்கிறது. கேபி அளவுதானே என்று அதை அழித்துவிட்டால் மீதி ஜிபி கணக்கில் இருப்பது வெறும் எண் குப்பை. இரண்டையும் ஒரே கோப்புறையில், பெயர் மாற்றாமல் வையுங்கள். இலவச வரைபட மென்பொருளான கியூஜிஐஎஸ் லேபிளைக் கொண்டே திறந்துவிடும். விலை கொடுத்து மென்பொருள் வாங்க வேண்டியதில்லை. படத்தோடு வரும் அட்சரேகை, தீர்க்கரேகையை மட்டும் அப்படியே நம்ப வேண்டாம். நிலவைச் சுற்றும் நாசாவின் எல்ஆர்ஓ கலத்தின் படத்தை அடியில் விரித்து, இரண்டிலும் தெரியும் நாலைந்து பள்ளங்களைப் பொருத்திய பிறகே இடத்தைச் சொல்ல வேண்டும்.

பொருத்திப் பார்ப்பதில் மதுரைக்காரர்களுக்கு முன்னோடி உண்டு. 2019 செப்டம்பரில் விழுந்து நொறுங்கிய, சந்திரயான்-2-இன் விக்ரம் தரையிறங்கு கலத்தின் சிதறலை எல்ஆர்ஓ படங்களில் முதலில் அடையாளம் கண்டவர் மதுரையைச் சேர்ந்த பொறியாளர் சண்முக சுப்பிரமணியன். அந்த டிசம்பரில் நாசா அதை ஒப்புக்கொண்டு அவர் பெயரைச் சொன்னது. அவர் கையில் இருந்தவை எவரும் இறக்கிக்கொள்ளக்கூடிய படங்கள்; விழுவதற்கு முன் எடுத்ததையும் பின் எடுத்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டிருக்கிறார்.

படத்தைவிட வளமான தரவு அதே சந்திரயான்-2-இல் உள்ள ஐ.ஐ.ஆர்.எஸ். நிறமாலைமானியுடையது. நிலவுத் தரையில் பட்டுத் திரும்பும் ஒளியை 0.8 முதல் 5 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அலைநீளம் வரை ஏறக்குறைய 250 கூறாகப் பிரித்துப் பதிகிறது. ஒரு பிக்சல் 80 மீட்டர். அதை வரைந்தால் வரும் கோடு எந்த அலைநீளத்தில் குழிகிறதோ, அதாவது ஒளி குறைகிறதோ, அதை வைத்துத் தாதுவைச் சொல்லலாம்: 0.9 மைக்ரானிலும் 1.9 மைக்ரானிலும் குழிந்தால் கால்சியம் குறைந்த பைராக்சின், 1.25-இல் அகலமாகக் குழிந்தால் படிகம் கெடாத பிளாஜியோகிளேஸ். 3 மைக்ரானில் குழிந்தால் நீர் அல்லது ஹைட்ராக்சில்.

தரை எவ்வளவு ஒளியைத் திருப்புகிறது என்று அறிய, பதிவான ஒளியைச் சூரிய ஒளியால் வகுக்க வேண்டும். இங்கே தடுக்கிவிழும் இடம் இரண்டு. தரவு எந்த அலகில் இருக்கிறது, சூரிய ஒளி அட்டவணை எந்த அலகில் இருக்கிறது என்று பார்க்காமல் வகுப்பது முதலாவது. ஒரு சதுர செ.மீ.க்கு 1 மில்லிவாட் என்பது ஒரு சதுர மீட்டருக்கு 10 வாட். இதை விட்டால் விடை பத்து மடங்கு தவறி, நிலவுத் தரை கரியைவிடக் கறுப்பாகவோ கண்ணாடியைவிடப் பளபளப்பாகவோ வந்து நிற்கும். இரண்டாவது, வெப்பம். நிலநடுக்கோட்டில் நண்பகலில் நிலவுத் தரை சுமார் 120 டிகிரி செல்சியஸ். அந்தச் சூட்டில் தரையே அகச்சிவப்பில் ஒளிர்கிறது. 2 மைக்ரானைத் தாண்டி மேலே போகப் போக அந்தச் சொந்த ஒளி எதிரொளியோடு கலந்து 3 மைக்ரான் குழியை நிரப்பிவிடும். கழிக்காமல் பார்த்தால் நண்பகலில் நீர் மறைந்து மாலையில் திரும்பி வருவது போல ஒரு மாயத்தோற்றம் கிடைக்கும். காலைக்கும் நண்பகலுக்கும் உண்மையிலேயே வேறுபாடு உண்டா என்பது இன்னும் ஆய்வாளர்கள் வாதிடும் கேள்வி. அதனால்தான் கழித்தலில் கவனம் வேண்டும் என்கிறோம்.

சரி, கிடைத்த நிறமாலையை எதனோடு ஒப்பிடுவது? இதற்கு மதுரையிலிருந்து திண்டுக்கல் தாண்டிப் பழநிச் சாலையில் போனால் போதும். காய்கறிச் சந்தைக்குப் பெயர்போன ஒட்டன்சத்திரம் நிலவியல்காரர்களுக்கு வேறொன்றுக்காகத் தெரிந்த ஊர்: அங்கே அனார்த்தசைட், அதாவது பெரும்பாலும் பிளாஜியோகிளேசாலான வெளிறிய பாறை, இருக்கிறது. நிலவின் வெளிறிய மேட்டுநிலம் பெரும்பாலும் இந்த வகைப் பாறைதான். உருகிய பாறைக்கடலாக நிலவு இருந்த காலத்தில் எடை குறைந்த பிளாஜியோகிளேஸ் மிதந்து ஆடைகட்டியதால் வந்தது. சந்திரயான்-3-இன் உலாவி 2023-இல் 103 மீட்டர் பாதையில் 23 முறை மண்ணை அளந்து கண்டதும் இதோடு ஒத்துப்போகிறது என்று அகமதாபாத் இயற்பியல் ஆய்வகத்தினர் 2024-இல் வெளியிட்டார்கள். நிலவியல் என்ற சொல்லைப் பிரித்தால் நிலமும் வரும், நிலவும் வரும் என்பது நம் மொழியின் கொடுப்பினை.

'நிலவு மண் நாமக்கல்லில்' என்று பத்திரிகைகள் எழுதுவது நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டி அனார்த்தசைட்டை. இஸ்ரோ அதைப் பொடித்துத்தான் சோதனை மண் செய்தது, காரணமில்லாமல் அல்ல. சித்தம்பூண்டிப் பாறையின் பிளாஜியோகிளேசில் கால்சியம் மிகுதி, நிலவில் உள்ளதற்கு நெருக்கம். ஒட்டன்சத்திரத்துப் பாறையில் சோடியம் கூடுதல். ஆகவே ஒட்டன்சத்திரத்துக் கல்லை நிலவுக்கு மாற்று என்று கட்டுரை எழுதினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்து, சோடியம் ஏறும்போது நிறமாலை எப்படி மாறுகிறது என்று எழுதினால் படிப்பார்கள்.

கல்லை எடுப்பதிலும் பக்குவம் வேண்டும். குவாரி உரிமையாளரைக் கேட்டு, கையடக்கக் கல் ஒன்று எடுத்தால் போதும். வனத்துறை நிலத்தில் கை வைக்காதீர்கள். அந்தப் பக்கம் வெள்ளையாகக் கிடப்பதெல்லாம் அனார்த்தசைட் அல்ல, குவார்ட்சைட்டும் கலந்து கிடக்கும். உடைத்த முகத்தைப் பத்து மடங்கு லென்ஸில் வெயிலில் சாய்த்துப் பாருங்கள். தட்டையான முகங்கள் பளிச்சென்று மின்னி, அவற்றில் மயிரிழை போல இணைகோடுகள் ஓடினால் பிளாஜியோகிளேஸ். கண்ணாடிச் சில்லு போல வளைந்து உடைந்திருந்தால் குவார்ட்ஸ்.

பழுப்பேறிய மேல்தோலைத் தட்டி எறிந்துவிட்டு உள்கல்லை மட்டும் பொடிக்க வேண்டும். தோலில் களிமண் இருக்கும், அது 1.4, 2.2 மைக்ரானில் குழியைக் காட்டும். நிலவில் அப்படிக் களிமண் கிடையாது. எஃகு உரலில் இடித்தால் இரும்புத்தூள் சேர்ந்து நிறமாலை மங்கும். காந்தம் வைத்து எடுக்கலாமே என்பீர்கள். பாறையிலேயே உள்ள, காந்தத்தில் ஒட்டும் மேக்னடைட் தாதுவும் சேர்ந்து போய்விடும். அகேட் என்ற கெட்டிக் கல்லில் செய்த உரல்தான் சரி, கை வலித்தாலும். 45, 90, 125 மைக்ரான் சல்லடைகளில் பிரித்து, ஒட்டியிருக்கும் நுண்தூளை எத்தனாலில் அலசி, 105 முதல் 110 டிகிரியில் இரவு முழுக்க ஓவனில் வைத்து, ஈரம் உறிஞ்சும் ஜாடியில் ஆறவிட்டு அளக்க வேண்டும். ஆடி மாதக் காற்றிலேயே ஈரம் ஏறும். ஐப்பசியில் சொல்லவே வேண்டாம்.

அளக்கும் கருவி கல்லூரியில் இராது. பல்கலைக்கழகத் தொலையுணர்வுத் துறைகளில் உண்டு. ஒளி 30 டிகிரி சாய்வில் விழ, நேர் மேலிருந்து பார்ப்பது வழக்கமான அமைப்பு. அங்கே பரவலாக இருக்கும் கருவிகளில் மூன்று உணரிகள் அடுத்தடுத்து வேலை செய்கின்றன. ஒன்றிலிருந்து மற்றதுக்கு மாறும் 1.0, 1.8 மைக்ரான் இடங்களில் வரைகோடு படி ஏறினாற்போல் துள்ளும். அதைத் தாதுவின் குழி என்று எழுதிய ஆய்வேடுகள் இருக்கின்றன. அரை மணி நேரம் கருவியைச் சூடேற விட்டால் துள்ளல் பெரும்பாலும் அடங்கும்.

இனி வாசல்கள். 'இஸ்ரோவில் வாய்ப்பு' என்று ஒரே தலைப்பில் எல்லாவற்றையும் போடுகிறீர்கள், யாருக்கு எது என்று தெரியாமல் பெற்றோர் அலைகிறார்கள். 'யுவிகா' என்ற இஸ்ரோ பயிற்சி முகாம் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மட்டும். எட்டாம் வகுப்பு மதிப்பெண்ணும் பார்ப்பார்கள், ஊராட்சிப் பகுதிப் பள்ளிகளுக்குத் தனி மதிப்பெண் உண்டு. உசிலம்பட்டி, மேலூர்ப் பக்கத்துப் பள்ளிகள் அதை விடக்கூடாது. 'ரெஸ்பாண்ட்' மாணவர்களுக்கானது அல்ல, கல்வி நிறுவன ஆசிரியர் விண்ணப்பித்து ஆய்வுநிதி பெறுவது. மூன்று அறிவியல் அகாதமிகள் சேர்ந்து நடத்தும் கோடைகால ஆய்வு உதவித்தொகை இளநிலை, முதுநிலை மாணவர்களுக்கு, இரண்டு மாதம். விண்ணப்பத்தில் தேறாமல் போவது பெரும்பாலும் மதிப்பெண்ணால் அல்ல, என்ன செய்யப்போகிறேன் என்று எழுதும் பத்தியால்தான். அங்கே நிழல் கணக்கோ ஒட்டன்சத்திரக் கல்லோ இருந்தால் தனியாகத் தெரியும். அகமதாபாத் இயற்பியல் ஆய்வகத்தில் முனைவர் ஆய்வுக்குச் சேர நெட், கேட், ஜெஸ்ட் போன்ற தேர்வு வேண்டும். நிலவியல் படித்தவர்களுக்கும் அங்கே இடமுண்டு என்பதை நம் கல்லூரிகளில் யாரும் சொல்வதில்லை. பக்கத்திலேயே கொடைக்கானலில் 1904 முதல் எடுத்த சூரியப் படத்தகடுகள் எண்மமாக்கப்பட்டு இலவசமாகக் கிடைக்கின்றன. அது கோளறிவியல் அல்ல என்றாலும் படத் தரவில் கை பழக நல்ல இடம்.

உங்களிடம் கேட்பது பெரிதொன்றுமில்லை. அடுத்த முறை நிலவுப் படம் போடும்போது வெளிச்சம் மேலிருந்து விழும்படி வையுங்கள். கீழே 'படம்: இஸ்ரோ' என்பதோடு நிறுத்தாமல் எந்தக் கேமரா, எந்த நாள், அந்தத் தரவுக் கோப்பின் எண் என்ன என்று சிறிய எழுத்தில் ஒரு வரி சேருங்கள். அந்த எண் இருந்தால் அன்று மாலையே ஒரு பிள்ளை அதே படத்தை லேபிளோடு இறக்கி நிழலை அளக்க உட்கார்ந்துவிடும்.

இப்படிக்கு,
நிலவியல், இயற்பியல் பாடம் நடத்தும் சிலர்,
மதுரை.