தகரப் பெட்டியோடு போன புத்தகங்கள்

அட்டன், இலங்கை

அன்பின் மச்சானுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பேத்திக்குக் கோயம்புத்தூர்க் கல்லூரியில் இடம் கிடைத்த செய்தியை வீட்டில் சத்தமாக வாசித்துக் காட்டினேன். எல்லோருக்கும் சந்தோஷம். இங்கே எல்லோரும் சுகம். மழைதான் விடவில்லை. சின்னவனுக்கு இப்போது பண்டாரவளைக்கு மாற்றம், சனிக்கிழமைகளில் வந்து போகிறான்.

மறுபதிப்பு கடையில் கிடைக்கும்போது பழைய பிரதிக்கு ஏன் இத்தனை காசு கொடுக்கிறாய் என்று கேட்டிருந்தாய். வாசிப்பதற்கு மறுபதிப்பு போதும். ஆனால் ஒரு புத்தகம் எந்த ஊர் அச்சகத்தில், என்ன கடதாசியில், என்ன விலைக்கு வெளிவந்தது, யார் அதற்கு முன்னுரை எழுதினார், பின்னட்டையில் எந்தக் கடை விளம்பரம் கொடுத்தது என்பதெல்லாம் முதற்பதிப்பில்தான் இருக்கும். மறுபதிப்பில் முதலில் உதிர்வது அவைதான். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் பிறந்த நம் மலையக எழுத்துக்கு வேறு ஆவணம் அதிகம் இல்லை. ஆகவே அந்த அட்டைக்கும் உள்பக்கத்துக்கும் எனக்கு மதிப்பு கூடுதல்.

வைகறை என்ற பதிப்பகத்தின் வெளியீடுகளை எடுத்துக்கொள். 1979இல் தெளிவத்தை ஜோசப்பின் ‘நாமிருக்கும் நாடே’, 1980இல் என். எஸ். எம். இராமையாவின் ‘ஒரு கூடைக் கொழுந்து’, 1981இல் சி. வி. வேலுப்பிள்ளையின் ‘வீடற்றவன்’. அடுத்தடுத்த மூன்று ஆண்டுகளில் மூன்று புத்தகங்கள்! மூன்றையும் முதற்பதிப்பாக ஒரே தட்டில் வைத்துப் பார்த்தால், ஒரு தலைமுறை எழுத்தைப் புத்தகமாக்கிவிட வேண்டும் என்ற அவசரம் கண்ணுக்குத் தெரிகிறது. அடுத்து வந்தது 1983 ஜூலை, தமிழர்களுக்கு எதிரான கலவரம். எத்தனை வீட்டு அலுமாரிகள் எரிந்தன என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதைத் தாண்டி வந்த ஒவ்வொரு பிரதியும் தப்பிப் பிழைத்த பிரதி.

ஆங்கில நாவல் சேர்ப்பவர்களின் கணக்கு கொஞ்சம் வேறு. அவர்களுக்கு மேலுறைதான் உயிர். அது கிழிந்தாலோ, விலை போட்ட மூலையை யாராவது வெட்டியிருந்தாலோ மதிப்பு குறைந்துவிடும். பதிப்புரிமைப் பக்கத்தின் அடியில் 10இலிருந்து 1 வரை எண்கள் இருக்கும். 1 இருந்தால் அநேகமாக முதல் அச்சு. நம் நாட்டு ஷெஹான் கருணாதிலக்கவின் நாவல் அவர்களுக்கே ஒரு சிக்கல் வைத்திருக்கிறது. 2020இல் இந்தியாவில் ‘சாட்ஸ் வித் த டெட்’ என்று வந்தது. திருத்தி எழுதி 2022இல் இங்கிலாந்தில் ‘த செவன் மூன்ஸ் ஆஃப் மாலி அல்மேதா’ என்று வெளியிட்டார். அந்த ஆண்டே புக்கர் பரிசும் கிடைத்தது. எது முதற்பதிப்பு என்று கேட்டால், நான் இந்தியப் பிரதியைத்தான் சொல்வேன். எழுத்தாளர் முதலில் துணிந்து வெளியே விட்ட வடிவம் அது.

தமிழில் வேறொரு பொறி உண்டு. ஈழத்தில் முன்பே வந்த நூலைச் சென்னையில் மறுபடி போடும்போதும் சிலர் ‘முதற் பதிப்பு’ என்றே அச்சிடுவார்கள். ஆண்டைப் பார்க்காமல் வாங்கக் கூடாது. கோகிலம் சுப்பையாவின் ‘தூரத்துப் பச்சை’ விஷயம் இதற்கு நேர்மாறு. நம் தோட்டத்துக் கதை என்றாலும் 1964இல் அது முதலில் வந்ததே சென்னையில்தான்.

இனி ஒப்பம், அதாவது எழுத்தாளரின் கையெழுத்து. இங்கே வெளியீட்டு விழாக்களில் முதற்பிரதி வாங்குகிற வழக்கம் உனக்கு நினைவிருக்கும். முதலாளி மேடையேறுவார், பணக் கவரைக் கொடுப்பார், படம் எடுப்பார்கள். அந்தப் பிரதிகள் சில, பக்கம்கூட வெட்டுப்படாமல் இப்போது பழைய புத்தகக் கடைகளுக்கு வருகின்றன. சுத்தமான ஒப்பம், சுத்தமான அட்டை. நானும் வாங்குவேன். ஆனால் ஒரு தோட்டத்து வாத்தியாருக்கோ தொழிற்சங்கத் தோழருக்கோ பெயர் எழுதி, இரண்டு வரி அன்பு எழுதிக் கொடுத்த பிரதி தேத்தண்ணீர்க் கறையோடு கிடைத்தால் அதைத்தான் முதலில் எடுப்பேன். எழுதியவரும் வாசித்தவரும் அந்த ஒரே பக்கத்தில் இருக்கிறார்கள்.

சி. வி. 1984இல் காலமானார். ‘வீடற்றவன்’ பிரதிகளில் ஒப்பமிட அவருக்குக் கிடைத்தது மூன்று ஆண்டுகள்தான். தெளிவத்தை ஜோசப் 2022 வரை நம்மோடு இருந்தார். கேட்டவருக்கெல்லாம் எழுதிக் கொடுப்பார் என்பதால் அவர் ஒப்பம் இன்னும் கிடைக்கிறது. அபூர்வமானதுக்குப் போலியும் வரும். மைதான் காட்டிக்கொடுக்கும். 1981 என்று தேதி போட்ட ஒப்பம் ஜெல் பேனாவில் இருந்தால் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வந்துவிட வேண்டும்.

இதையெல்லாம் உனக்கு ஏன் எழுதுகிறேன் என்றால், நான் தேடுகிற பிரதிகள் உன் பக்கத்தில்தான் இருக்கும் என்று பல நாளாக நினைக்கிறேன். தோட்ட மக்களை இந்தியாவுக்கு அனுப்பச் செய்த 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு ரயில் கோச்சியில் தலைமன்னார் போய்க் கப்பல் ஏறியவர்களில் வாசிக்கிறவர்கள் எத்தனை பேர்! பாஸ்போர்ட்டும் பாத்திரமும் போன தகரப் பெட்டிகளில் புத்தகமும் போயிருக்கும். 1974இல் வீரகேசரி பிரசுரமாக வந்த தெளிவத்தை ஜோசப்பின் ‘காலங்கள் சாவதில்லை’, அதற்கு முன் 1971இல் வந்த ‘கதைக் கனிகள்’ சிறுகதைத் தொகுதி எல்லாம் அந்தக் காலத்துப் புத்தகங்கள். கோத்தகிரியிலும் கூடலூரிலும் நம் சனத்தின் வீட்டுப் பரணில் அவை கிடக்கக்கூடும். பெரியவர்கள் போனபின் பிள்ளைகள் பழைய பேப்பரோடு எடைக்குப் போட்டுவிடுவார்கள். அதற்குள் நீ விசாரிக்க வேண்டும்.

கிடைத்தால் விலைக்குக் கேட்காதே. முதலில் அட்டை, உள்பக்கம், எழுத்து ஏதும் இருக்கும் பக்கம் மூன்றையும் படம் எடுத்து வாட்ஸப்பில் அனுப்பு. கிழிசலுக்கு செலோடேப் ஒட்ட விடாதே. பசை மஞ்சளாகிக் கடதாசியைத் தின்றுவிடும். துருப்பிடித்த கம்பியை இழுக்காதே. உங்கள் ஊர்ப் பனியும் நம்முடையது மாதிரிதான். பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டினால் பூஞ்சணம் பிடிக்கும். சாதாரணக் கடதாசியில் சுற்றிச் சுவரை ஒட்டாமல் வைத்தால் போதும். கொடுக்க மனமில்லாதவர்களிடம் வற்புறுத்தாதே. நம் நாட்டுத் தமிழ் நூல்களைச் சேர்த்து வைக்கும் ‘நூலகம்’ இணையத்தளத்துக்கு ஸ்கேன் செய்யச் சம்மதிப்பார்களா என்று மட்டும் கேள். புத்தகம் அவர்கள் வீட்டிலேயே இருக்கட்டும், எழுதித் தந்தவரின் கையெழுத்தோடு.

உன் அப்பா புத்தகக்காரர். அவர் பெட்டியையும் ஒருமுறை திறந்து பார். தங்கச்சியைக் கேட்டதாகச் சொல். பதில் போடு.

அன்புடன்,
உன் பழைய வகுப்புத் தோழன்