கூரை ஏ.சி.யை நம்பிப் பாலைவனம் போகலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவில் உள்ள பிள்ளைகளைப் பார்க்க வரும் பெற்றோர், கோடை விடுமுறையில் ஆர்.வி. எனப்படும் வீட்டு வசதி கொண்ட வாகனத்தை வாடகைக்கு எடுத்துக்கொண்டு, குடும்பத்தோடு கிராண்ட் கேன்யன், சயான் முதலான தேசியப் பூங்காக்களைச் சுற்றிவருவது பற்றித் தங்கள் நாளிதழின் பயணப் பகுதியில் வெளியான கட்டுரையைப் படித்தேன். வண்டிக்குள் இருக்கும் அடுப்பு, படுக்கை, குளியலறை என்று ஒவ்வொன்றையும் பொறுமையாக விவரித்த கட்டுரையாளர், வெயிலைப் பற்றி மட்டும் 'ஏ.சி. இருப்பதால் கவலை இல்லை' என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். அரிசோனாவில் வசித்து, இதே பூங்காக்களுக்கு ஆர்.வி.யில் போய்வருகிறவன் என்ற முறையில், அந்த ஒரு வரியோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஜூன், ஜூலை மாதங்களில் வண்டிக்குள் மனிதர் இருக்க முடியுமா என்பது, ஏ.சி.யைப் போடுவதற்கு வெகுநேரம் முன்பே, எந்த ஊரில், எவ்வளவு உயரத்தில், எந்தத் திசை பார்த்து வண்டியை நிறுத்தினோம் என்பதில் முடிவாகிவிடுகிறது.

ஆர்.வி.யின் கூரைமேல் பொருத்தப்படும் ஏ.சி. பெரும்பாலும் 13,500 அல்லது 15,000 பி.டி.யு. திறன் கொண்டது, நம் ஊர்க் கணக்கில் சொன்னால் ஒரு டன்னுக்குச் சற்றே கூடுதல். உள்ளே இழுக்கும் காற்றைவிட அது வெளிவிடும் காற்று ஏறத்தாழ 8 முதல் 11 டிகிரி செல்சியஸ் குறைவாக இருந்தாலே அந்த இயந்திரம் நல்ல நிலையில் இருக்கிறது என்று பொருள். மெல்லிய சுவர், ஒற்றைக் கண்ணாடி ஜன்னல், தலைக்கு மேல் நாள் முழுக்க வெயில் வாங்கும் கூரை என்று அமைந்த அந்த வண்டி, மொட்டைமாடிக்கு நேர் கீழே இருக்கும் அறையைப் போன்றது. பீனிக்ஸ் நகரில் 2023ஆம் ஆண்டுக் கோடையில் தொடர்ந்து 31 நாட்கள் வெப்பநிலை 43 டிகிரி செல்சியஸைத் தாண்டியது. அப்படிப்பட்ட ஒரு நாளில் வண்டியை மூடி வெயிலில் விட்டுவிட்டு, மாலை நான்கு மணிக்கு வந்து ஏ.சி.யைப் போட்டால், சுவரும் மெத்தையும் அலமாரியும் உள்வாங்கிய சூடு வெளியேறவே இருட்டிவிடும். காலையில் உள்ளே இதமாக இருக்கும்போதே போட்டு, அந்தக் குளிர்ச்சியை நாள் முழுவதும் காப்பாற்றுவதுதான் அந்த ஏ.சி.யால் முடிந்த வேலை.

ஆகவே முதலில் பார்க்க வேண்டியது உயரம். பீனிக்ஸ் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,100 அடி உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து வடக்கே இரண்டரை மணி நேரத்துக்குள் எட்டிவிடக்கூடிய ஃபிளாக்ஸ்டாஃப் ஏறத்தாழ 7,000 அடி உயரத்தில், பைன் காடுகளுக்கு நடுவே இருக்கிறது. ஆயிரம் மீட்டர் ஏறினால் சராசரியாக ஆறரை டிகிரி செல்சியஸ் குறையும் என்பதால், கீழே வெந்துகொண்டிருக்கும் அதே நாளில் மேலே ஜன்னலைத் திறந்து வைத்துத் தூங்கலாம். கிராண்ட் கேன்யனின் தெற்கு விளிம்பும் இதே உயரம்தான். ஜூலை மாத இரவில்கூட அங்கே போர்வை தேவைப்படும். ஆனால் பள்ளத்தாக்கின் அடியில் அதே நாள் பகலில் 40 டிகிரியைத் தாண்டுவது சகஜம் என்பதால்தான், காலை பத்து மணி முதல் மாலை நான்கு மணி வரை கீழே இறங்கி நடக்க வேண்டாம் என்று பூங்கா நிர்வாகம் எச்சரிக்கிறது. மறுபக்கம், லாஸ் வேகாஸ் செல்லும் நம்மவர்கள் பலர் 'பக்கம்தானே' என்று கலிஃபோர்னியாவில் உள்ள டெத் வேலி பாலைவனத்தையும் பயணத்தில் சேர்த்துக்கொள்கிறார்கள். கடல் மட்டத்துக்கும் கீழே உள்ள அதன் ஃபர்னஸ் க்ரீக் பகுதியில்தான் 1913 ஜூலை 10 அன்று 56.7 டிகிரி பதிவானது. ஜூலையில் அங்கே இரவிலும் 30 டிகிரிக்குக் கீழே இறங்காத நாட்கள் பல உண்டு. கோடையில் டெத் வேலிக்குள் வண்டியை ஓட்டக் கூடாது என்று சில வாடகை நிறுவனங்கள் ஒப்பந்தத்திலேயே எழுதிவைத்திருக்கின்றன. அந்தச் சிறிய எழுத்தைப் படிக்காமல் போய் வண்டி நின்றுவிட்டால் செலவு முழுவதும் நம் தலையில்தான்.

அடுத்தது மின்சாரம். பூங்காவுக்குள் இடம் கிடைத்தாலே போதும் என்று முன்பதிவு செய்கிறவர்கள், அந்த இடத்தில் மின் இணைப்பு உண்டா என்று பார்ப்பதில்லை. கிராண்ட் கேன்யன் தெற்கு விளிம்பில் உள்ள மேத்தர் முகாமில் மின் இணைப்பே கிடையாது. அருகிலேயே உள்ள டிரெய்லர் வில்லேஜில் மின்சாரம், தண்ணீர், கழிவுநீர் என்று மூன்று இணைப்பும் உண்டு. சயான் பூங்காவின் வாட்ச்மேன் முகாமில் மின் இணைப்புள்ள இடங்களும் இல்லாத இடங்களும் இருக்கின்றன. மேத்தர் இருப்பது 7,000 அடி உயரத்தில் என்பதால் இரவை ஏ.சி. இல்லாமல் கழித்துவிடலாம். சயான் பள்ளத்தாக்கின் தரை 4,000 அடிதான். பகலில் 38 டிகிரியைத் தாண்டும் அந்த இடத்தில் மின்சாரம் இல்லாமல் வயதானவர்களோடு தங்குவதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். ஜெனரேட்டர் இருக்கிறதே என்று கேட்கலாம். பெரும்பாலான தேசியப் பூங்கா முகாம்களில் அதை இயக்குவதற்கென்று குறிப்பிட்ட மணி நேரங்கள்தான் உண்டு, இரவில் எங்குமே அனுமதி இல்லை, உயரம் கூடக் கூட அதன் திறனும் குறையும்.

மின் இணைப்பு கிடைத்த பிறகும் ஒரு கணக்கு இருக்கிறது. சாதாரண வாடகை வண்டிகளில் உள்ள 30 ஆம்பியர் இணைப்பு 120 வோல்ட்டில் மொத்தம் 3,600 வாட் தருகிறது. ஏ.சி. ஓடும்போது ஏறத்தாழ 1,500 வாட் இழுக்கும். கூடவே மைக்ரோவேவையும் மின் வெந்நீர்க் கலனையும் போட்டால் பிரேக்கர் டிரிப் ஆகி மின்சாரம் துண்டிக்கப்பட்டுவிடும். பலருக்கும் தெரியாத விஷயம் மின்னழுத்தம். பிளக்கில் செருகும் சிறிய வோல்ட் மீட்டர் ஒன்றை நான் எப்போதும் வண்டிக்குள் செருகியே வைத்திருப்பேன். காலையில் 120 காட்டுகிற அது, முகாமில் உள்ள எல்லா வண்டிகளின் ஏ.சி.யும் ஒரே நேரத்தில் ஓடும் பிற்பகலில் 110, 108 என்று கண்ணெதிரே இறங்கும். கூரையிலிருந்து வரும் இரைச்சலும் கனத்து, கம்ப்ரஸர் நின்று மறுபடி கிளம்பத் திணறும் முனகல் கேட்கும். 105 வோல்ட்டுக்குக் கீழே போனால் ஏ.சி.யை நிறுத்திவிட வேண்டும், இல்லாவிட்டால் கம்ப்ரஸர் எரிந்துபோகும். வீட்டில் புழங்கும் மெல்லிய எக்ஸ்டென்ஷன் கம்பியை இடையில் போடுவது இந்த இறக்கத்தை இன்னும் கூட்டும். கம்பியே சூடேறி உருகிய கதைகளும் உண்டு.

வண்டியை எப்படி நிறுத்துவது என்பதற்கு வருகிறேன். ஓட்டுநருக்கு முன்னால் உள்ள பெரிய கண்ணாடிதான் வண்டிக்குள் சூடு நுழையும் தலைவாசல். பிற்பகல் வெயில் மேற்கிலிருந்து சாய்ந்து அடிப்பதால், முன்கண்ணாடி வடக்கையோ கிழக்கையோ பார்க்கும்படி நிறுத்த வேண்டும். முகாமில் இடம் ஒதுக்கப்பட்டிருக்கும் திசை நம் கையில் இல்லை என்றால், கண்ணாடிக்கு வெளிப்புறமாக விரிப்பு போட்டு மூட வேண்டும். உள்ளே போடும் மறைப்பு, வெயில் கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்த பிறகே அதைத் தடுக்கிறது. வெளியே போடுவது வருவதற்கு முன்பே தடுத்துவிடுகிறது. ஓட்டுநர் பகுதிக்கும் கூடத்துக்கும் இடையே கனமான திரை ஒன்று தொங்கவிட்டால், குளிரூட்ட வேண்டிய இடமும் குறையும். ஜன்னல்களுக்கு, இரு பக்கமும் வெள்ளித்தாள் ஒட்டிய குமிழ் விரிப்பு ஹார்ட்வேர் கடைகளில் சுருளாகக் கிடைக்கிறது. கத்தரிக்கோலால் அளவுக்கு வெட்டிச் செருகினால் போதும். எல்லா ஜன்னலையும் மூடுகிறவர்கள் மறந்துவிடுவது குளிக்கும் இடத்துக்கு மேலுள்ள கூரைக் கண்ணாடியையும், 14 அங்குலச் சதுரமான கூரைத் திறப்புகளையும்தான். நண்பகலில் அவற்றின் பிளாஸ்டிக் மூடிக்குக் கீழே கையை நீட்டினால், அடுப்புக்கு மேல் நீட்டியது போல் அனல் தெரியும். அந்தத் திறப்புகளில் செருகுவதற்கென்றே பஞ்சுத் திண்டுகள் விற்கிறார்கள்.

பக்கவாட்டில் விரியும் துணிப்பந்தல் நல்ல நிழல் தரும். ஆனால் அரிசோனாவில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 30 வரை பருவமழைக் காலம்; வானம் வெளுத்திருக்கும் பிற்பகலில்கூட எங்கிருந்தோ புழுதிக்காற்று கிளம்பிவந்து, விரித்த பந்தலைக் கம்பியோடு பிய்த்துக் கூரைமேல் போட்டுவிடும். ஆகையால் முகாமைவிட்டுக் கிளம்பும்போதும் உறங்கப் போகும்போதும் அதைச் சுருட்டிவிட வேண்டும்.

வெளியே வறண்ட வெப்பம் என்றால், ஈரத்தை ஆவியாக்கிக் குளிரூட்டும் ஏர் கூலர், ஏ.சி. ஓடாத நேரத்தில் அதற்கு நல்ல மாற்று. மின்சாரமும் கொஞ்சம்தான் இழுக்கும். அதையே ஹூஸ்டனுக்கோ ஃபுளோரிடாவுக்கோ எடுத்துச் சென்றால், சென்னையில் மே மாதம் ஏர் கூலர் போட்டவர்கள் அறிந்த அதே புழுக்கம்தான் மிஞ்சும். உயரமான இடங்களில் பொழுது சாய்ந்ததும் ஏ.சி.யை நிறுத்தி, நிழல் பக்கத்து ஜன்னல் ஒன்றைத் திறந்து, கூரையில் உள்ள எக்ஸாஸ்ட் விசிறியை ஓடவிட்டால் கால் மணி நேரத்தில் உள்காற்று மாறிவிடும். வண்டியின் 12 வோல்ட் பேட்டரியிலேயே அது ஓடும்.

நம் சமையலைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். எரிவாயு எரியும்போது சூட்டோடு நீராவியும் வெளிவருகிறது. அதன்மேல் இட்லிப் பானையையும் குக்கரையும் ஏற்றினால், ஏ.சி. நாள் முழுதும் உழைத்துச் சேர்த்த குளிர்ச்சி ஒரு வேளைச் சமையலில் போய்விடும். காலையிலேயே சாதத்தையும் குழம்பையும் முடித்துக்கொள்வது ஒரு வழி. முகாமின் மேசைமேல் மின் அடுப்பை வைத்துப் பந்தல் நிழலில் சமைப்பது இன்னொரு வழி. தயிரும் இன்சுலினும் இருக்கும் ஃபிரிட்ஜையும் கவனிக்க வேண்டும். பல ஆர்.வி.களில் உள்ளது கம்ப்ரஸர் இல்லாத, எரிவாயுவின் சூட்டிலோ மின்சூட்டிலோ இயங்கும் வகை. வண்டி சமமாக நிற்காவிட்டாலும், அதன் பின்புறக் காற்றுத் துவாரம் இருக்கும் பக்கத்தில் மேற்கு வெயில் அடித்தாலும் அது திணறும். இன்சுலின் வைத்திருக்கிறவர்கள் ஃபிரிட்ஜுக்குள் ஒரு சிறு வெப்பமானியையும் வைத்துப் பார்த்துக்கொள்வது நல்லது.

முதியவர்களுக்குத் தாகம் தாமதமாகவே தெரியும். இரத்த அழுத்தத்துக்காகத் தரப்படும் சில மாத்திரைகள் உடலின் நீரைக் குறைப்பவை. 'வண்டியிலேயே உட்கார்ந்திருக்கிறோம், நீங்கள் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்' என்று பெற்றோர் சொல்வது வழக்கம். அவர்களை அப்படி விட்டுச் செல்லும்போது பிரேக்கர் டிரிப் ஆனால், வண்டி எவ்வளவு விரைவில் அடுப்பாக மாறும் என்பதை அவர்களே அறியமாட்டார்கள். கைபேசிச் சமிக்ஞை கிடைக்காத பூங்காக்களில் யாரையும் அழைக்கவும் முடியாது. ஜெனரேட்டரை ஓடவிட்டுத் தூங்குவது அதைவிட ஆபத்து. மணமும் நிறமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு ஜன்னல் வழியே உள்ளே வரக்கூடும். எச்சரிக்கைக் கருவி வேலை செய்கிறதா என்று பொத்தானை அழுத்திப் பார்த்த பிறகே வண்டியைப் பெற்றுக்கொள்ள வேண்டும்.

வண்டியை ஒப்படைக்கும் நிறுவனங்கள் கழிவுநீரைத் திறந்துவிடும் முறையைச் சொல்லித்தரும் அளவுக்கு இவற்றைச் சொல்லித்தருவதில்லை. ஒருமுறை நான் எடுத்த வாடகை வண்டியில், உட்கூரையில் உள்ள ஏ.சி. ஃபில்டரைக் கழற்றியபோது, முந்தைய பயணிகளின் நாய் முடியும் தூசியும் கம்பளிபோல் படிந்திருந்தன. அதைக் கழுவிப் போட்ட பிறகுதான் காற்றே ஒழுங்காக வந்தது. வண்டியைப் பெற்றுக்கொள்ளும் இடத்திலேயே அதைக் கழற்றிக் காட்டச் சொல்லலாம், ஏ.சி.யைக் கால் மணி நேரம் ஓடவிட்டு, காற்று உள்ளே போகும் இடத்திலும் வெளிவரும் இடத்திலும் வெப்பமானி வைத்து வித்தியாசத்தையும் பார்த்துவிடலாம்.

அமெரிக்கப் பயணத்துக்கு விசா எடுக்கும் பெற்றோர் பலர் தங்கள் நாளிதழைப் படித்துத்தான் திட்டமிடுகிறார்கள். இனி இத்தகைய கட்டுரைகளை வெளியிடும்போது, குறிப்பிடும் ஒவ்வொரு முகாமின் உயரம், கோடைப் பகல் வெப்பநிலை, மின் இணைப்பு உண்டா இல்லையா என்ற மூன்று விவரங்களையும் சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
பீனிக்ஸ், அரிசோனா