வைகாசி முகூர்த்தங்களுக்கு முன் உறுப்பினர்களின் கவனத்திற்கு

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மெரினாவிலும் பெசன்ட் நகரிலும் ஒதுங்கும் பிளாஸ்டிக் குப்பையைக் குறித்துச் சென்னையில் வசிக்கும் நம் பிள்ளைகள் இக்குழுவில் தொடர்ந்து எழுதி வருகிறார்கள். அக்குப்பை முழுவதும் கடற்கரைக்கு வருவோர் போடுவதன்று. கூவமும் அடையாறும் நகருக்குள்ளிருந்து சுமந்து சென்று கடலில் சேர்ப்பதும் அதில் உண்டு. ஆகவே கரையைக் கூட்டுவதைவிடப் பொருள் புழக்கத்துக்கு வருமுன் தடுப்பதே பயன் தரும். ஒருமுறை பயன்படுத்தி எறியும் 14 வகைப் பொருட்களுக்குத் தமிழக அரசு 2019 ஜனவரி 1 முதல் விதித்த தடையின் நோக்கமும் அதுவே.

அத்தடை கடலில்லாத நம் சிவகங்கை மாவட்டத்துக்கும் பொருந்தும். கைப்பைகளை மட்டுமே பலரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். பந்தி மேசையில் விரிக்கும் பிளாஸ்டிக் தாள், பிளாஸ்டிக் உட்பூச்சுள்ள காகிதக் குவளை, தண்ணீர் பாக்கெட், தாம்பூலப் பையாக நாம் தாராளமாகக் கொடுக்கும், துணி போலத் தோன்றும் நெய்யாத பிளாஸ்டிக் பை ஆகியவையும் அந்தப் பட்டியலில் இடம்பெற்றவை. (நெய்யாத பையைக் கடைக்காரர் துணிப்பை என்றே விற்பார்.)

விசேஷ வீட்டார் சமையல்காரரிடம் முன்பணம் கொடுக்கும்போதே வாழையிலையும் எவர்சில்வர் டம்ளரும் வேண்டுமெனச் சொல்லிவிடுங்கள். பிறகு சொன்னால் நடப்பதில்லை. தாம்பூலத்திற்குப் பருத்தி மஞ்சப்பை போதும். செலவு சற்றுக் கூடும்தான்; ஆனால் பந்தி முடிந்தபின் எறியப்படுபவை மழைநீரோடு வரத்துக்கால் (நீர் வரும் வாய்க்கால்) வழியே ஊரணியில் சேர்கின்றன, அவற்றை அள்ளும் கூலி ஊர்ப் பொதுப்பணத்திலிருந்துதான் போகிறது.

மொத்தமாக மஞ்சப்பை வாங்க விரும்புவோர் தேவையான எண்ணிக்கையை வரும் ஞாயிற்றுக்கிழமைக்குள் இங்கே பதிவிடக் கேட்டுக்கொள்கிறோம்.

– ஊரணிப் பராமரிப்புக் குழு