பீம் மீது மீண்டும் ஏற எங்கள் மகளுக்குத் துணைநின்ற அனைவருக்கும் நன்றி

மதிப்பிற்குரிய தலைமைப் பயிற்சியாளர் அவர்களுக்கும், துணைப் பயிற்சியாளர் அவர்களுக்கும், விளையாட்டு உளவியலாளர் அவர்களுக்கும், பயிற்சிக் கூடத்தின் மூத்த மாணவிகளுக்கும், சக பெற்றோர்களுக்கும் எங்கள் அன்பான வணக்கம்.

அண்மையில், ஜிம்னாஸ்டிக்ஸ் பயிலும் எங்கள் மகள், பக்கத்தில் எவருடைய கையும் தாங்காத நிலையில், பேலன்ஸ் பீம் மீது பேக் ஹேண்ட்ஸ்பிரிங் செய்து நின்றாள். அதற்குப் பதக்கம் எதுவும் கிடையாது. அதே வேளையில் அதைவிடக் கடினமான அசைவுகளைப் பலர் அதே கூடத்தில் செய்துகொண்டிருந்தார்கள். ஆனாலும் அந்தப் பயிற்சிக்குப் பின்னால் எத்தனை பேருடைய பொறுமை இருந்தது என்பது எங்களுக்குத் தெரியும். நேரில் சொல்ல முயன்றபோதெல்லாம் சொற்கள் தடுமாறியதால், யார் யார் என்னென்ன செய்தீர்கள் என்பதை எழுதியே நன்றி சொல்ல விரும்புகிறோம். இப்போது இதே போன்ற நிலையில் இருக்கும் வேறு குழந்தைகளின் பெற்றோருக்கும் இது பயன்படக்கூடும்.

இந்த விளையாட்டை அறியாதவர்களுக்காகச் சில வரிகள். பீம் என்பது நின்று பயிற்சி செய்யும் ஒரு குறுகிய கட்டை. அதன் நீளம் 5 மீட்டர், அகலம் வெறும் 10 செ.மீ.; போட்டிகளில் அது தரையிலிருந்து 125 செ.மீ. உயரத்தில் இருக்கும். அதன் மேல் நின்று, பின்புறமாகத் தாவி, இரு கைகளையும் ஊன்றி, கால்களைத் தலைக்கு மேலாகக் கொண்டுவந்து, மறுபடியும் அதே 10 செ.மீ. பரப்பில் பாதம் பதிப்பதுதான் பேக் ஹேண்ட்ஸ்பிரிங். கைகள் எங்கே படவேண்டுமோ அந்த இடம், தாவத் தொடங்கும்போது கண்ணுக்குத் தெரியாது. எங்கள் மகள் அதை நன்றாகவே செய்துவந்தாள். ஒருநாள் ஒரு கை பீமைத் தவறவிட, பக்கவாட்டில் மெத்தையில் விழுந்தாள். ஒரு சிராய்ப்பைத் தவிரக் காயம் ஒன்றுமில்லை. ஆனால் அதன் பிறகு பீமில் அவளால் தாவ முடியவில்லை. சில வாரங்களில், பல காலமாகக் கண்ணை மூடிக்கொண்டு செய்யக்கூடியதாக இருந்த அதே அசைவு தரையிலும் அவளைவிட்டுப் போயிற்று. கைகளை உயர்த்துவாள், முழங்காலை மடக்குவாள், அங்கேயே நின்றுவிடுவாள். கண்ணில் நீர் தளும்பும். தனக்கு விருப்பம் இருந்தும் உடல் போக மறுக்கிறது என்று அவள் சொன்னது, இன்றளவும் எங்கள் காதில் இருக்கிறது.

தலைமைப் பயிற்சியாளர் அவர்களே, எங்கள் முதல் நன்றி, நீங்கள் அப்போது எடுத்த முதல் முடிவுக்கு. அந்த அசைவைப் பயிற்சித் திட்டத்திலிருந்தே முற்றிலும் எடுத்துவிட்டீர்கள். தண்டனையாக அல்ல, ஓய்வாகவே அதைச் செய்கிறீர்கள் என்பதை அவளிடமே உட்கார்ந்து விளக்கினீர்கள். பார்கள் எனப்படும் கம்பிகளிலும், ஓடிவந்து மேசை போன்ற கருவியில் கை ஊன்றித் தாவும் வால்ட்டிலும், முன்னோக்கிச் செய்யும் அசைவுகளிலும் அவள் தொடர்ந்து வளர்வதற்கு வழி செய்தீர்கள். தான் ஒன்றுமே செய்யாமல் ஓரமாக நிற்கிறோம் என்ற எண்ணம் அவளுக்கு ஒருநாளும் வரவில்லை. குழந்தை அந்த ஆண்டில் வேகமாக உயரம் கூடியிருந்ததையும் நீங்கள்தான் கவனித்துச் சொன்னீர்கள்: கை கால் நீளும்போது உடல் சுழலும் வேகமும் தாவும் நேரக் கணக்கும் மாறுகின்றன, பழைய உடலுக்குப் பழகிய மூளை புதிய உடலைக் கற்றுக்கொள்ளச் சற்றுக் காலம் கேட்கிறது என்று நீங்கள் விளக்கியபோது, தன்னிடம் ஏதோ குறை என்று நினைத்துக்கொண்டிருந்த அவளுடைய முகம் தெளிந்ததைக் கண்டோம்.

எங்களிடமும் ஒன்று கேட்டுக்கொண்டீர்கள். பயிற்சி முடிந்து வருபவளிடம் "இன்று செய்தாயா?" என்று கேட்க வேண்டாம், "இன்று எது பிடித்திருந்தது?" என்று கேளுங்கள் என்றீர்கள். செய்தால் பரிசு வாங்கித் தருவதாகச் சொல்வதும் வேண்டாம் என்றீர்கள். பரிசு என்று வந்துவிட்டால், செய்ய முடியாத நாள் ஒவ்வொன்றும் அவளுக்கு இழப்பாகிவிடும் என்ற உங்கள் காரணம் எங்களுக்கு உடனே விளங்கியது. எங்கள் வீட்டில் மாலை வேளைகளின் இறுக்கம் குறைந்ததற்கு அந்த ஒரு வாக்கியம் போதுமானதாக இருந்தது.

துணைப் பயிற்சியாளர் அவர்களுக்கு நாங்கள் பட்டிருக்கும் கடனைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டும். மீண்டும் தொடங்கியபோது, நீங்கள் அவளைப் பீமுக்கு அருகில்கூட அழைத்துச் செல்லவில்லை. முதலில் சாய்வான மெத்தை, அடுத்து தரை, பிறகு தரையில் பீமின் அகலத்துக்கு நாடா ஒட்டிப் போட்ட ஒரு கோடு, பிறகு தரையோடு தரையாக இருக்கும் தாழ்ந்த பீம், அதன் பிறகு உயர்ந்த பீமின் இரு புறமும் அதன் மட்டத்துக்கே மெத்தைகளை அடுக்கி, விழுவதற்கு இடமே இல்லாதபடி செய்தீர்கள். பின்னர் ஒவ்வொரு மெத்தையாகக் குறைத்தீர்கள். எந்தப் படியில் எவ்வளவு நாள் நிற்க வேண்டும் என்பதை அவளே தீர்மானித்தாள். ஒரு படி இறங்க வேண்டும் என்று அவள் கேட்ட நாள்களில், முகம் கோணாமல் நீங்களே போய் மெத்தைகளைத் திரும்ப இழுத்து வந்தீர்கள். அந்த மெத்தைகள் எவ்வளவு கனமானவை என்று தூக்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

எல்லாவற்றையும்விட நாங்கள் மதிப்பது, நீங்கள் அவளைத் தாங்கிய விதத்தை. ஒரு கையை இடுப்பின் பின்புறமும் மறு கையைத் தொடையின் பின்புறமும் வைத்து முழுமையாகத் தாங்கினீர்கள். நாளடைவில் அது ஒரு கையாயிற்று. பிறகு முதுகைத் தொடும் விரல்களாயிற்று. அதன் பின் பக்கத்தில் நிற்பது மட்டும். ஒவ்வொரு முறையும், அவள் தாவுவதற்கு முன்பே, "இப்போது ஒரு கைதான் வைப்பேன், சரியா?" என்று கேட்டீர்கள். அவள் தலையசைத்த பிறகே செய்தீர்கள். தாங்குவதாகச் சொல்லிவிட்டுக் கடைசி நொடியில் கையை எடுத்துக்கொண்டு, "பார், நீயாகவே செய்துவிட்டாய்" என்று சொல்லும் வழக்கம் இந்த விளையாட்டில் உண்டு. சில குழந்தைகளுக்கு அது பலித்தும் இருக்கலாம். ஆனால் எங்கள் மகளைப் போன்ற ஒரு குழந்தைக்கு, அந்த ஒரு தந்திரத்தால் இழக்கப்படுவது அசைவு மட்டுமல்ல, அசைவைக் கற்றுத்தருபவர் மேல் உள்ள நம்பிக்கையும்தான். நீங்கள் ஒரு தடவைகூட அவளை ஏமாற்றவில்லை. அவள் திரும்பி வந்ததற்கு முதன்மையான காரணம் இதுவே என்று நாங்கள் உறுதியாக நம்புகிறோம்.

நீங்கள் இருவரும் சேர்ந்து வகுத்த ஒரு விதியையும் இங்கே சொல்ல வேண்டும். நின்ற நிலையில் இருக்கும்வரை "இன்று வேண்டாம்" என்று சொல்ல அவளுக்கு முழு உரிமை உண்டு. அதற்கு யாரும் காரணம் கேட்கக் கூடாது. ஆனால் கால்கள் பீமைவிட்டு எழும்பிவிட்டால், முடித்தே ஆக வேண்டும். ஏனெனில் பாதியில் மனம் மாறித் தயங்கும்போதுதான் கைகள் வளைந்து தலை கீழே மோதும் ஆபத்து வருகிறது. அச்சத்துக்கு ஓரிடத்தையும் துணிவுக்கு ஓரிடத்தையும் இப்படிப் பிரித்துக் கொடுத்தது, 11 வயதுக் குழந்தைக்கு எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை நாங்கள் அருகிலிருந்து பார்த்தோம். "வேண்டாம்" என்று சொல்லலாம் என்று தெரிந்த பிறகுதான் அவள் "சரி" என்று சொல்லத் தொடங்கினாள்.

உளவியலாளர் அவர்களே, நீங்கள் அவளிடம் பயத்தை விரட்டிவிடச் சொல்லவில்லை. அதற்கு 0 முதல் 10 வரை மதிப்பெண் போடச் சொன்னீர்கள். தரைக் கோட்டில் 3, தாழ்ந்த பீமில் 5, உயர்ந்த பீமை நினைத்தாலே 9 என்று அவள் தன் நோட்டில் எழுதினாள். மதிப்பெண் 4-க்கு மேல் போகாத பயிற்சியிலிருந்தே தொடங்குவோம் என்றீர்கள். தன்னால் முடியும் என்ற நம்பிக்கைக்கு உளவியலாளர் ஆல்பர்ட் பண்டுரா 1977-இல் நான்கு ஊற்றுகளைச் சொன்னார் என்றும், தானே செய்து முடித்த அனுபவம், தன்னைப் போன்றவர்கள் செய்வதைக் காண்பது, பிறர் தரும் ஊக்கம், தன் உடலின் நிலையைத் தான் புரிந்துகொள்ளும் விதம் என்ற அந்த நான்கில் முதலாவதே மிக வலியது என்றும் எங்களுக்கு விளக்கினீர்கள். நாங்கள் அதுவரை மூன்றாவதையே, அதாவது வாய்ச்சொல்லையே, பெரிதாக நம்பியிருந்தோம்.

அவளுக்கு மிகவும் பிடித்தது நீங்கள் சொன்ன முயல் கதை. முயலைக் கண்டாலே நடுங்கிய பீட்டர் என்ற சிறுவன் தனக்குப் பிடித்த உணவை உண்ணும் வேளையில், மேரி கவர் ஜோன்ஸ் என்ற ஆய்வாளர் கூண்டிலிருந்த முயலைச் சிறிது சிறிதாக அருகே கொண்டுவர, முடிவில் அவன் முயலைத் தொட்டு விளையாடினான் என்று 1924-இல் வெளியான அந்த ஆய்வு, நூறாண்டு கழித்து ஒரு ஜிம்னாஸ்டிக்ஸ் மாணவிக்கு உதவியிருக்கிறது. தாழ்ந்த பீமை அவள் சில நாள் "முயல்" என்றே அழைத்தாள். மூச்சை இழுப்பதைவிட மெதுவாக வெளியே விடவும், இதயம் படபடப்பது உடல் ஆயத்தமாவதன் அறிகுறி என்று எடுத்துக்கொள்ளவும், தாவுவதற்கு முன் "உட்கார், வீசு, தள்ளு" என்று மூன்றே சொற்களை மனத்துக்குள் சொல்லவும் பழக்கினீர்கள். விழுந்துவிடுவோமோ என்று ஓடும் எண்ணத்துக்கு இடம் கொடாமல், செய்யவேண்டியதை மட்டுமே நினைக்க வைத்த அந்தச் சொற்களை அவள் பள்ளித் தேர்வுக்கு முன்பும் சொல்லிப் பார்த்ததாகக் கேள்வி. அங்கே அவை எப்படி உதவின என்று நாங்கள் கேட்கவில்லை.

மூத்த மாணவிகளே, நீங்கள் அவளுக்குச் செய்ததை அவளே எங்களிடம் வரிசையாகச் சொல்லியிருக்கிறாள். உங்களில் இருவர், தங்களுக்கும் இதே போல் ஓர் அசைவு மாதக்கணக்கில் தொலைந்துபோன காலத்தைப் பற்றி அவளிடம் மனம்விட்டுப் பேசினீர்கள். ஒருவர் அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை சிமோன் பைல்ஸ் பற்றிச் சொன்னீர்கள். 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கின் குழு இறுதிப் போட்டியில், வால்ட்டில் இரண்டரைத் திருகல் (காற்றில் உடலைப் பக்கவாட்டில் சுழற்றுவது) போட வேண்டியவர் காற்றில் தன் நிலையை இழந்து ஒன்றரையோடு இறங்கியதும், தன் உடலைக் காத்துக்கொள்ளப் போட்டிகளிலிருந்து விலகியதும், சில நாள் கழித்துத் திருகல் இல்லாத எளிய இறக்கத்தோடு பீம் இறுதிப் போட்டிக்குத் திரும்பி வெண்கலம் பெற்றதும், 2024-இல் பாரிஸில் மூன்று தங்கமும் ஒரு வெள்ளியும் வென்றதும் அவளுக்கு இப்போது மனப்பாடம். உலகின் தலைசிறந்த வீராங்கனையே "இன்று வேண்டாம்" என்று சொல்லியிருக்கிறார், எளிய வடிவத்தைத் தேர்ந்தெடுத்துத் திரும்பியிருக்கிறார் என்பது, பெரியவர்கள் நாங்கள் சொல்லியிருந்தால் அவள் மனத்தில் அவ்வளவு ஆழமாகப் பதிந்திருக்காது. தன் பயிற்சிக் கூடத்து அக்கா சொன்னதால் பதிந்தது. அவள் செய்யாமல் நின்ற நாள்களில் திரும்பிப் பார்க்காமல் உங்கள் பயிற்சியைத் தொடர்ந்தீர்களே, அதற்கும் தனியாக நன்றி. வேடிக்கை பார்க்கும் கண்கள் இல்லாத இடத்தில்தான் அவளால் நிற்க முடிந்தது.

மணிக்கட்டின் வலுவைச் சோதித்து, எலும்பிலோ தசைநாரிலோ கோளாறு இல்லை என்று உறுதி செய்த இயன்முறை மருத்துவருக்கும், பயிற்சி நேரத்துக்கேற்ப வீட்டுப்பாடத்தைத் தள்ளிவைத்துக்கொள்ள அனுமதித்த வகுப்பாசிரியைக்கும், தங்கள் குழந்தைகளின் முன்னேற்றத்தை எங்கள் எதிரில் அளந்து பேசாத சக பெற்றோர்களுக்கும் எங்கள் நன்றி உரியது. அவளுடைய பாட்டிக்கும் நன்றி. ஜிம்னாஸ்டிக்ஸின் பெயர்களைச் சரியாக உச்சரிக்க வராத நிலையிலும், பேத்தி நோட்டில் எழுதிய மதிப்பெண்களை ஒவ்வொரு வாரமும் உட்கார்ந்து கேட்டவர் அவர்.

பயம் முழுதும் போய்விட்டதா என்று சிலர் கேட்கிறார்கள். போகவில்லை. உயர்ந்த பீமுக்கு அவள் இப்போது போடும் மதிப்பெண் 4 அல்லது 5. சில நாள் 6. அந்த எண்ணோடு அவள் ஏறுகிறாள், மூச்சு விடுகிறாள், மூன்று சொற்களைச் சொல்கிறாள், தாவுகிறாள். தாவாத நாள்களும் இன்னும் வருகின்றன. அவற்றில் மெத்தையை இழுத்துப் போட்டுக்கொள்கிறாள். அடுத்த போட்டியில் இந்த அசைவு இல்லாத எளிய வடிவத்தையே அவள் செய்வாள் என்று தலைமைப் பயிற்சியாளரும் அவளும் கலந்து முடிவெடுத்திருக்கிறார்கள். அந்த முடிவில் எங்களுக்கு முழு உடன்பாடு.

பயிற்சிக் கூடத்தில் இனி எந்தக் குழந்தையாவது இப்படி ஓர் அசைவைத் தொலைத்துவிட்டு நின்றால், அந்தக் குழந்தையின் பெற்றோருக்கு எங்கள் தொடர்பு எண்ணைத் தயங்காமல் கொடுங்கள். எங்கள் மகளின் சம்மதத்தோடு அவளுடைய நோட்டின் நகல் ஒன்றையும் அலுவலகத்தில் ஒப்படைத்திருக்கிறோம். தேவைப்படுவோர் கேட்டு வாங்கிப் படிக்கலாம். மெத்தைகளை இழுக்க ஆள் தேவைப்படும் மாலைகளில் எங்களையும் கூப்பிடுங்கள், வருகிறோம்.

நிறைந்த நன்றியுடன்,
உங்கள் மாணவி ஒருத்தியின் பெற்றோர்